பம்பலப்பிட்டி என்று கத்தினேன்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா மகன் ஒரு நீள்வட்டப் பந்தையும் பத்து இடுப்புப் பட்டிகளையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். அப்படித்தான் வெள்ளவத்தையில் எங்கள் சனிக்கிழமைக் காலைகள் ஃபிளாக் ஃபுட்போலுக்குப் போயின. அமெரிக்கர்களின் விளையாட்டுத்தான், ஆனால் இடித்து விழுத்துவதில்லை. பந்து வைத்திருப்பவனின் இடுப்புப் பட்டியில் தொங்கும் துணியை இழுத்தால் ஆட்டம் நிற்கும். பக்கத்துக்கு ஐந்து பேர். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள்.

நான் குவாட்டர்பெக். பந்து வைத்த கோட்டுக்குப் பின்னால் நின்று, எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று கத்துபவன். போட்ட திட்டம் சரிவராது என்று கண்டால் அந்த இடத்திலேயே மாற்ற வேண்டும். எதிரணிக்கும் காது இருக்கிறது என்பதால் அதற்குச் சாப்பாட்டுப் பெயர்களில் குறிச்சொற்கள். புட்டு என்றால் வலப்பக்கம், சொதி என்றால் இடப்பக்கம். இடியப்பம் என்றால் ஒன்றுமேயில்லை, வெறும் ஏமாற்று. எங்களுக்கு எதிராக விளையாட வந்தவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள். தமிழில் கத்துவதே போதுமாக இருந்தது.

என் பந்தை அதிகம் பிடித்தவன் கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகப் பக்கம் ஒரு கம்பனியில் கிளார்க். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவனைப் பம்பலப்பிட்டி ஸ்டேஷனில், ஆட்கள் உட்காரும் வாங்கில் கண்டேன். அயர்ன் பண்ணிய சேர்ட், மடியில் சாப்பாட்டுப் பெட்டி. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலை போயிட்டுது மச்சான். மூண்டு மாசம்," என்றான். "மனிசிக்குத் தெரியாது. காலமை ஒஃபிசுக்கு எண்டு வெளிக்கிட்டு இங்க வந்து இருப்பன். இந்தப் பக்கம் கொட்டாஞ்சேனை ஆக்கள் வரமாட்டினம். வேற ஒண்டு கிடைச்சதும் நானே சொல்லுவன். நீ ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத."

"சத்தியமா சொல்லமாட்டன்," என்றேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு தெமட்டகொடையிலிருந்து ஓர் அணி வந்தது. அதில் இரண்டு பேர் வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம்கள். பாதி ஆட்டத்துக்குள் எங்கள் சமையலறை முழுவதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்ததும், "சொதி வருது, இந்தப் பக்கம் நில்லுங்க!" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே தன் ஆட்களுக்குச் சொன்னார். உடனே எங்கள் பக்கமும் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கடைசி வாய்ப்பு. ஒருமுறை எல்லையைத் தாண்டினால் வெற்றி. கொட்டாஞ்சேனைக்காரன் இடப்பக்கம் ஓடுவதாகத் திட்டம். ஆனால் கோட்டில் வந்து நின்றதும் பார்த்தேன், எதிரணி முழுக்க இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. வலது மூலை வெறுமையாகக் கிடக்கிறது. புட்டு என்றால் திரும்பிவிடுவார்கள். ஒரு பக்கம் போவதாகக் காட்டிவிட்டு மறுபக்கம் போ என்று அவனுக்கு மட்டுமே விளங்கும் ஒரு சொல் வேண்டும்.

"பம்பலப்பிட்டி! பம்பலப்பிட்டி!"

அவன் ஒருதரம் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து நின்றான். பந்து என் கைக்கு வந்ததும் இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்தான். காவல் நின்றவன் கூடவே போனான். சட்டென்று வெட்டித் திரும்பி வலது மூலைக்கு ஓடினான். நான் எறிந்த பந்து அவன் கையில் போய் விழுந்தது.

அன்று அவன் மனைவியும் சின்ன மகளும் பார்க்க வந்திருந்தார்கள். மனைவி தோடம்பழம் வெட்டி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவன் முதுகில்தான் தட்டினார்கள். அவன் பிடித்ததைத்தான் பேசினார்கள்.

"அதென்னடா பம்பலப்பிட்டி? எங்களுக்குச் சொல்லித் தரேல்லையே?" என்று ஒருவன் கேட்டான்.

"அது இவனுக்கு மட்டும்தான் விளங்கும்," என்றேன். "ஒஃபிசுக்கு எண்டு வெளிக்கிட்டு, பம்பலப்பிட்டி ஸ்டேஷனில போய் இருக்கிற ஆளுக்கு!"

சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. "ஏன் பம்பலப்பிட்டி?" என்று அவனைக் கேட்டாள்.

"சும்மா. விளையாட்டுக் கதை," என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். காலை முழுவதும் பொய்ச் சொற்களாகக் கத்தியவன் நான். அந்த நேரம் ஒரு பொய் வாயில் வரவில்லை. தோடம்பழத் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை அவள் பஸ் ஏறிப் போய் அந்த வாங்கில் அவனைக் கண்டுபிடித்தாள். பின்னேரம் எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அண்ணா, உங்களுக்கு எப்பயிருந்து தெரியும்?"

"ரெண்டு கிழமை."

"எனக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லாட்டி சாகும்வரைக்கும் சொல்லாம இருந்திருக்கலாம். ரெண்டையும் விட்டுட்டு கிரவுண்டில நிண்டு கத்தினீங்கள்."

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள் என்று கேள்விப்பட்டேன். அவனுக்குத் தெமட்டகொடையில் ஒரு ஸ்டோரில் வேலை கிடைத்தது. விளையாட வரவில்லை. என் மெசேஜ்களைப் பார்த்தான், பதில் போடவில்லை.

வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் மற்றவர்களிடம் சொல்லி வந்தேன். அது உண்மையில்லை. கோட்டில் நின்று நான் அந்தச் சொல்லைத் தேடி எடுத்தேன். பிறகு அதை விளக்கியதும், வெற்றி என் மூளையில் பிறந்தது என்று எல்லோரும் அறிய வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய் இதை அவனிடம் அப்படியே சொன்னேன். மனைவி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் முழுவதையும் கேட்டான்.

"இப்ப ஏன் வந்து சொல்றீங்கள்?" என்றான். "உங்களுக்கு லேசாகிறதுக்கோ?"

பத்து வருஷமாக என்னை நீ என்று கூப்பிட்டவன்.

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அவன் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை கூட வந்தான். வெயிலில் பக்கத்தில் நின்றான், பஸ் வரும்வரை.