ஒரே பேரில் ரெண்டு ஃபைல்

ஆபீஸில் அவருக்கு அலமாரி என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி. எதை எங்கே வைக்கணும் என்பதுதான் நாள் முழுக்க அவருடைய பேச்சு. வேலை அப்படி.

ஒரே மென்பொருளைப் பழைய சிப்புக்கு ஒரு தரம், புதுச் சிப்புக்கு ஒரு தரம் தயார் செய்து தருவார். மென்பொருள் தனியாக ஓடாது. அதற்குக் கைகொடுக்கிற துண்டு ஃபைல்கள் உண்டு, லைப்ரரி என்பார்கள். பழைய சிப்பின் லைப்ரரி எல்லாம் ‘லிப்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். புதுசுக்கு ‘லிப்64’. ஃபைல்களின் பேர் மட்டும் ரெண்டிலும் ஒன்றேதான். கலந்துவிட்டால், பின்னால் வந்தது முன்னால் இருந்ததை விழுங்கிவிடும். சத்தமே வராது.

“ஒரே பேர்ல ரெண்டு மாப்பிள்ளைங்கய்யா. ஒரே ரூம்ல படுக்க வச்சா காலைல ஒருத்தன்தான் எழுந்திரிப்பான்” என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்.

அவருக்கு ஒரே தங்கை. தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரலைப் பதிவு செய்து மெஷினில் பேச வைக்கிற ஒரு சின்னக் கம்பெனிக்கு, ஆபரேஷனுக்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

“என்னண்ணா பேசறது?”

“உன் புருஷனைத் திட்டேன்.”

“இவங்க கம்பெனி தாங்காதுண்ணா.”

பேசினாள். அந்தக் குரலை ஒரு லைப்ரரியாக்கிக் கொடுத்தார்கள், பழைய சிப்புக்கு மட்டும். பதிவு அவர்களிடமே இருந்தது. பிறகு கம்பெனியை மூடிவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவள் தட்டச்சு செய்தாள். மெஷின் அவள் குரலிலேயே அதட்டியது. “தொண்டையை எடுத்தும் எனக்கு விமோசனம் இல்ல மச்சான்” என்றார் அவள் புருஷன். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சில வருஷத்தில் அந்த மெஷின் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது. அலமாரி புதுசு ஒன்று வாங்கி வந்தார். பழைய சிப்பின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிற ரகம். குரல் ஃபைலை ‘லிப்’பில் போட்டார், பேசியது. அந்தத் தைரியத்தில் பழைய டிஸ்க்கைத் துடைத்து, புது மெஷினில் எது மாறினாலும் தானும் உடனே மாறிக்கொள்கிற காப்பு டிஸ்க்காக மாட்டினார்.

பேச்சுக்குக் கொஞ்சம் வேகம் போதவில்லை. பேச வைக்கிற மென்பொருளைப் புதுச் சிப்புக்குத் தயார் செய்தார். அது ‘லிப்64’ எங்கே என்று கேட்டது. வீட்டு மெஷின்தானே என்று ‘லிப்64’ஐ ‘லிப்’புக்கே திருப்பிவிட்டார், அதில் போடுவதெல்லாம் இதில் வந்து விழும்படி. ஆபீஸில் வேறு யாராவது செய்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். மென்பொருளோடு ஒரு பொதுக்குரலும் வந்தது. அந்த ஃபைலுக்கும் அதே பேர். ஒரு பிழையும் காட்டாமல் முடிந்தது.

“பேசு பாப்பா” என்றார்.

தட்டினாள். பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற பொம்பளை மாதிரி யாரோ கேட்டாள்: “அண்ணா, இப்ப வேகமா இருக்கா?”

அவர் ரெண்டு ஃபோல்டரையும் திறந்தார். ரெண்டும் ஒன்று. காப்பு டிஸ்க் அதற்குள் தானும் மாறியிருந்தது. அழிந்த ஃபைலை மீட்கிற கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். “துடைச்சு, அதுக்கு மேலயே எழுதிட்டீங்களே சார்” என்றான் கடைக்காரன்.

திரும்பி வந்து தங்கை முன்னால் நின்றார். அவளே தட்டினாள்.

“விடுண்ணா. வேணும்னேவா பண்ணின?” என்றாள் பஸ் நிலையத்துக்காரி.

திட்டியிருந்தாலும் அந்தக் குரலில்தானே திட்டியிருப்பாள். அவள் திட்டுவதைக்கூட இனி எங்கே கேட்பது அவர்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மாப்பிள்ளை ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அலமாரி. “வாங்க, தட்டு வச்சாச்சு” என்றது சமையலறைக் குரல். மாப்பிள்ளை டிவியில் யாரோ பேசுகிறார்கள் என்று இருந்துவிட்டார். மறுபடியும் கூப்பிட்டது. சத்தம் அதிகமா இருக்கோ என்று ரிமோட்டைத் தேடினார்.

மூன்றாவது தரம் குரல் வரவில்லை. கதவோரம் வந்து நின்று தங்கை கரண்டியால் தட்டில் தட்டினாள்.

“இதோ வந்துட்டேன்மா” என்று மாப்பிள்ளை எழுந்து போனார்.

அலமாரியால் எழுந்திருக்க முடியவில்லை.