‘யாருப்பா வேண்டிக்கினது?’ என்று கேட்டவர்

சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும் மாதம் இது. கடைத்தெருவுக்குப் போகிற வழியில் அந்த வரிசைக்குள் மாட்டிக்கொண்டு, ஓட்டுநர்களை வாய்க்குள் திட்டியபடி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. எங்கள் பழைய மாணவர் ரமேஷ், பெங்களூரிலிருந்து.

“சார், கஸ்தூரி மேடம் போயிட்டாங்க.”

“எப்டி?” என்றேன். அவ்வளவு வேகமாக அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

“ஹார்ட் அட்டாக் சார். காலையில ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போற வழியிலயே...”

அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். இளம் பிள்ளைகள் தாமாகவே சாவைத் தேடிப் போய்விடாமல் காப்பதற்காகப் பாதி வாழ்நாளைச் செலவழித்தவர், அந்த வழியில் போய்விடவில்லையே என்ற நிம்மதி. மறுநொடியே அழுகை வந்துவிட்டது. ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார் மாங்காய் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள்.

கஸ்தூரி அம்மையாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பதியில் பிளஸ் டூவுக்குச் சமமான ஒரு தனியார் இன்டர்மீடியட் கல்லூரியில் அவர் கணக்கு நடத்தினார். நான் கெமிஸ்ட்ரி நடத்தினேன். அது, விடுதியோடு கூடிய கல்லூரிகள் தெருவுக்குத் தெரு முளைத்த காலம். ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் பஸ்களின் முதுகில் ஊர் சுற்றின. வீட்டுக்கு ஒரு இன்ஜினியர், அவரும் அமெரிக்காவில் என்று மாவட்டமே கனவு கண்டுகொண்டிருந்தது.

நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர் கஸ்தூரி மேடம். அதனால் அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. அவர் கால்குலஸ் நடத்தினால் பக்கத்து அறையில் என் மாணவர்கள் விடை சொல்வார்கள். “மேடம், உங்க தயவுல என் பசங்க பென்சீனை மறந்துட்டாங்க” என்று ஒருமுறை சண்டைக்குப் போனேன். “நல்லதுதான சார், கணக்குலயாவது பாஸாவாங்க” என்றார். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

அவருக்கு ஒரே தம்பி, சேகர். கம்ப்யூட்டர் படித்து பெங்களூரில் வேலைக்குப் போனவர். தம்பியின் பெயர் அச்சடித்த கார்டை மேடம் கைப்பையில் வைத்துக்கொண்டு பியூன் வரைக்கும் காட்டியிருக்கிறார். நாங்கள் கேலி செய்வோம்; அவருக்கு ஒன்றும் உறைக்காது. பிறகு அமெரிக்காவில் ஏதோ சரிந்ததாகப் பேப்பரில் வந்தது. பெங்களூரில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. சேகர் நகரிக்குத் திரும்பினார். சில மாதங்களில் இறந்தும் போனார். காய்ச்சல் என்றார்கள். நாங்கள் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம். விடுப்பு முடிந்து வந்த மேடம் வகுப்பெடுத்தது பக்கத்து அறையில் எனக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் அவருக்கு வந்தது.

திருப்பதியில் மொட்டைத் தலை ஒரு செய்தியே அல்ல. விடுதிப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தால், திங்கட்கிழமை வகுப்பே ‘கோவிந்தா’ போடும். வாத்தியார்கள் கையில் ஆளுக்கொரு துண்டு லட்டு விழும். அதோடு சரி. கஸ்தூரி மேடம் மட்டும் அந்த லட்டை மேசைமேல் வைத்துவிட்டு, “யாருப்பா வேண்டிக்கினது?” என்று கேட்பார். “எங்கம்மா மேடம்”, “எங்க ஆயா” என்று பதில் வந்தால் சிரித்துக்கொண்டே லட்டை வாயில் போட்டுக்கொள்வார். எங்கள் பக்கத்தில் யாரும் வெறுமனே முடி கொடுப்பதில்லை. யாராவது வேண்டிக்கொண்டிருப்பார்கள், அது யார், எதற்காக என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பின் எதற்கு இந்த விசாரணை என்று எனக்குப் புரியவில்லை. “மேடம் தேவஸ்தானத்துல வேலைக்கு சேர்ந்துட்டாங்க போல” என்று ஸ்டாஃப் ரூமில் நான்தான் கிண்டலடித்தேன்.

ரமேஷ் அப்போது முதலாண்டு மாணவர். குடுபல்லிப் பக்கம், கூலி வேலை செய்யும் குடும்பம். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்து மண்டலத்திலேயே முதலாவதாக வந்தவர். எங்களிடம் வந்த பிறகு பாடம் இங்கிலீஷில், திட்டு தெலுங்கில். மதிப்பெண் சரிந்தது. “மெஸ்ஸுல தட்ட அப்டியே வெச்சிட்டு போறான் சார். தூங்குறதே இல்லன்னு ரூம் பசங்க சொல்றாங்க. கிரிக்கெட்டுன்னா உயிர வுடுறவன், கிரவுண்டு பக்கமே போறதில்ல” என்று மேடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினார். “ஒண்ணுமில்ல மேடம்” என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை ரமேஷ் ஸ்டாஃப் ரூமுக்குள் வந்தார். மொட்டைத் தலை, அதில் சந்தனம், கையில் லட்டு. முகத்தில் அப்படி ஒரு தெளிவு. தன் கிரிக்கெட் மட்டையை ரூம் தோழனுக்குக் கொடுத்துவிட்டதாக அவராகவே சொன்னார். பையன் தேறிவிட்டான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“யாருப்பா வேண்டிக்கினது?”

“யாரும் இல்ல மேடம். சும்மா, போணும்போல இருந்திச்சி.”

மேடம் எழுந்து வந்து அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு வரவே வராது என்று நான் நினைத்திருந்த மெல்லிய குரலில் கேட்டார்: “ரமேஷு, செத்துப் போயிடலாம்னு நெனைக்கிறியா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதவருகில் நின்ற பிரின்சிபால், “அட்லா அடககூடது மேடம்!” என்று தெலுங்கில் பதறினார். அப்படிக் கேட்கவே கூடாது, கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்பது அவர் பயம். என் பயமும் அதுதான். மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. பையனின் கையிலிருந்த லட்டு உதிர்ந்தது. “எப்டி மேடம் தெரிஞ்சிச்சி?” என்று கேட்டுவிட்டு, குழந்தைபோல விம்மி விம்மி அழ ஆரம்பித்தார்.

மேடம் உபதேசம் செய்யவில்லை. அப்பா அம்மா படுகிற கஷ்டத்தை எடுத்துச் சொல்லவில்லை. “யார்ட்டயும் சொல்லாதீங்க மேடம்” என்று பையன் கெஞ்சியபோது, “அந்த சத்தியத்த மட்டும் கேக்காத கண்ணு. உன்ன காப்பாத்த யார்ட்ட சொல்லணுமோ சொல்லுவேன்” என்றார். அப்பா வந்து சேரும்வரை பையனைத் தனியே விடவில்லை. பாத்ரூம் வாசலில்கூட என்னைக் காவலுக்கு நிறுத்தினார்.

அப்பா பிற்பகலில் வந்தார். வேலையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறார். காலில் மண் காய்ந்திருந்தது. மகனைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லாத்தான மேடம் கீறான்? சாமி கும்ட்டுக்கினு வந்துக்கிறான். மூஞ்சி எவ்ளோ தெளிவா கீது பாருங்க. நான் இன்னாவோ ஏதோன்னு ஓடியாந்தேன்” என்று எழுந்து கும்பிட்டார். கிளம்பிவிடுவார் என்று தெரிந்துவிட்டது.

“எங்க வூட்லயும் அப்டித்தான்ணா சொன்னோம்” என்றார் மேடம்.

ஆபீஸ் அறையில் குமாஸ்தா இருந்தார், பிரின்சிபால் இருந்தார், நான் இருந்தேன். யாரையும் அவர் பொருட்படுத்தவில்லை.

“எந் தம்பி பெங்களூர்லருந்து வந்து மாசக்கணக்குல மூலையில படுத்துக்கினு இருந்தான். காத்து அடிச்சிட்ச்சின்னு எங்கம்மா மந்திரிச்சாங்க. திடீர்னு ஒருநாளு அவனே பஸ் ஏறி மலைக்கி போயி மொட்ட போட்டுக்கினு சிரிச்சிக்கினே வந்தான். யாரும் வேண்டிக்கல. சாமி கண்ணத் தொறந்துட்டாருன்னு எங்களுக்கு சந்தோசம். கைக்கடிகாரத்த எங்கிட்ட குடுத்தான். சட்டையெல்லாம் பக்கத்து வூட்டுப் பையனுக்கு குடுத்தான். எங்கம்மா பாயசம் வெச்சாங்க. அந்த வாரமே அவனா போயிட்டான்ணா. காய்ச்சல்னு ஊருக்கு சொன்னோம். காய்ச்சல் இல்ல. அவன் போய்ட்டு வர்றேன்னு சொல்லிக்கினு இருந்தான், நாங்க லட்டு துன்னுக்கினு இருந்தோம்.”

ரமேஷின் அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். “இப்ப இன்னாமா செய்யணும்?” என்று கேட்டார்.

“திட்டாதீங்க. தனியா வுடாதீங்க. டாக்டரண்ட போலாம், நானும் வர்றேன். கை ஒடஞ்சா கட்டு போட புத்தூருக்கு தூக்கிக்கினு ஓடமாட்டீங்களா? அதுமாதிரிதான் இதுவும்.”

அன்றே மூவரும் அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்த்தார்கள். ரமேஷ் அந்த ஆண்டைப் பாதியில் விட்டார். மாத்திரை, மறுபடி சோர்வு, மறுபடி ஆஸ்பத்திரி என்று இழுத்தடித்துத்தான் மேலே வந்தார். ஒரே நாளில் விடிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பிறகு குப்பம் டவுனில் டிகிரி படித்தார், பெங்களூர் போனார், கல்யாணமும் ஆயிற்று.

இந்தக் கதை பரவியதும் எங்கள் வாத்தியார்கள் மொட்டைத் தலையைக் கண்டாலே துரத்தித் துரத்தி விசாரிக்க ஆரம்பித்தார்கள். மேடத்துக்குக் கோபம் வந்தது. “மொட்டையில ஒண்ணும் இல்ல சார். அதுக்கு முன்னாடி அந்தப் புள்ள எப்டி இருந்திச்சின்னு பாருங்க. சாப்புடாத புள்ள, தூங்காத புள்ள, திடீர்னு பொருளெல்லாம் குடுத்துட்டு லேசாயிட்டா, அப்பதான் பயப்படணும். பயந்துக்கினு ஓடாதீங்க, கிட்ட போயி கேளுங்க” என்றார். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர் சொன்னதை நான் அப்படியே சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த ஆபீஸ் அறையில் இருந்த குமாஸ்தாவும் நகரிக்காரர். மேடம் சொன்னது அவர் வழியாக மேடத்தின் அம்மா காதுக்குப் போயிற்று. காய்ச்சல் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்தத் தாய் தெருவில் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். மேடம் அடுத்த முறை ஊருக்குப் போனபோது, “செத்தவன மறுபடியும் சாவடிச்சிட்டியே” என்றாராம். மகளோடு அவர் பேசிய கடைசி வார்த்தை அது.

மேடம் ஊருக்குப் போவதை நிறுத்தவில்லை. அம்மா தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். மேடம் தனியே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பஸ் ஏறுவார். “ரமேஷ் அப்பாகிட்ட தம்பி கதைய சொல்லாம இருந்திருக்கலாமே மேடம்” என்று நான் கேட்டேன். “சொல்லலன்னா அவரு புள்ளய கூட்டிக்கினு போயிருப்பாரு சார்” என்றார். பிறகு, “எங்கம்மா இன்னும் எனக்குப் புடிச்ச கொழம்புதான் வெக்கிறாங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

எல்லோரையும் அவர் காப்பாற்றிவிடவில்லை. ஒரு மாணவி இருந்தாள். மேடம் கேட்டார், பேசினார், ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனார். விடுமுறைக்கு வீட்டுக்குப் போன இடத்தில் அந்தப் பெண் இல்லாமல் போனாள். அன்று மேடம் என் லேபில் வந்து உட்கார்ந்து, “கேட்டேன் சார். கேட்டும் போயிட்டா” என்றார். அதற்குப் பிறகு அவரே அந்த மருத்துவரிடம் போய் மாத்திரை எடுத்துக்கொண்டார். “நானும் மாத்திர துன்னுறேன், இன்னா இப்போ?” என்று வகுப்பிலேயே சொன்னார். வெட்கப்பட்டுத் தங்கள் கஷ்டத்தை ஒளித்த பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் அவரிடம் வர ஆரம்பித்தார்கள்.

நகரியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தெருவில் அன்றைக்குத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். வெளியூர்களிலிருந்து இளைஞர்களும் பெண்களும் வந்தபடியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. ஏன் வந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் “ஸ்டூடண்ட்” என்றார்கள். அம்மா, எண்பதைத் தாண்டியவர், தலைமாட்டில் அழாமல் உட்கார்ந்திருந்தார்.

ரமேஷ் தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுக் குனிந்து மாலை வைத்தபோது அந்த அம்மா அவர் கையைப் பிடித்தார்.

“நீதான் அந்த குடுபல்லி பையனா?”

“ஆமாம்மா.”

“உங்கம்மா கீறாங்களா?”

“கீறாங்கம்மா.”

“உன்கூட பேசிக்கினு கீறாங்களா?”

ரமேஷ் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: “எம் புள்ள காய்ச்சல்ல சாவல. அவனா போயிட்டான். எங்களுக்கு தெரியாம போயிட்ச்சி. இவ அத வெளியில சொன்னா, ஒரு புள்ள பொழச்சிக்கிச்சி. நான் இவகூட பேசாம இருந்துட்டேன்.”

அவர் குனிந்து, மகளின் காதோடு வாயை வைத்து, “கஸ்தூரி, கஸ்தூரி” என்று கூப்பிட்டார். தூக்க வந்தவர்கள் தள்ளி நின்றுகொண்டார்கள். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் அம்மா பேசிவிட்டார்கள், மேடம். அதைக் கேட்க நீங்கள்தான் இல்லை.