வான் பாய்ந்த குளமும் பாக்கியத்தின் இதயமும்

அடியார்களே, அக்கராயன் குளத்தடிக்கு வெறுங்கையோடு வந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. காடு வெட்டி வயலாக்கினேன். சண்டையில் எல்லாம் போன பிறகும் திரும்பி வந்து, கல்வீடும் அரிசி ஆலையும் கட்டினேன். குளக்கட்டுப் பிள்ளையாருக்குக் கூரை போட்டவனும் நான்தான். அந்தக் கைகளுக்கும் போன மாரி மழையில் ஒரு சோதனை வந்தது.

என் மனைவி பாக்கியத்துக்குக் கடும் காய்ச்சல், இருமல், உடம்பு உளைவு. ஊர் முழுக்க அந்தக் காய்ச்சல்தான். மல்லி அவித்துக் கொடுத்தோம். காய்ச்சல் விட்டது. வழக்கப்படி தலைமுழுகிவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போனாள். இனிப் பயமில்லை என்று இருந்துவிட்டோம். அடுத்தடுத்த நாட்களில் அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நெஞ்சு படபடத்தது. கால் வீங்கியது.

குளமோ நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கட்டுக்கு வெளியே வழிந்து வான் பாய்ந்துகொண்டிருந்தது. வீதியை வெள்ளம் மூடியதால் அம்புலன்ஸ் வர வழியில்லை. குளம் நிரம்ப வேண்டும் என்று பிள்ளையாருக்குப் பொங்கியவன் நான். அவரிடமே தண்ணீரை நிறுத்து என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

என் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் அவளைத் தலையணை முட்டுக் கொடுத்து இருத்திவிட்டு, நானே ஓட்டினேன்.

"பிள்ளையாரே, தண்ணி உம்மட. மிசின் என்ர. எஞ்சின் நிக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்!"

"கும்பிடேக்கையும் கட்டளைதானோ?" என்றாள் பாக்கியம், மூச்சு வாங்க.

"நீ கதையாதை."

நடுவெள்ளத்தில் எஞ்சின் இருமியது. பின்னால் அவள் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கப் பயம். "அப்பனே, கட்டளை இல்லை. கெஞ்சிறன்" என்றேன். வாழ்நாளில் நான் கெஞ்சியது அன்றுதான். எஞ்சின் பிடித்தது. கரையேறினோம்.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் சொன்னார்: "ஐயா, இன்புளுவென்சாக் கிருமி அம்மாவின்ர இதயத் தசையைத் தாக்கியிருக்கு. காய்ச்சல் விட்ட பிறகும் இப்பிடி வரும். நல்லவேளை கொண்டுவந்தியள்."

வயர்களுக்கு நடுவே அவள் கிடந்த நாட்களில் நான் கட்டிலடியை விட்டு நகரவில்லை. பிள்ளையார் அவளைத் திருப்பித் தந்தார். இப்போது காலைத் தேத்தண்ணி நான்தான் போடுகிறேன். "சீனி காணாது" என்கிறாள். அந்தக் குரலைக் கேட்டால் போதும்.

காய்ச்சல் விட்ட பிறகு மூச்சு முட்டினால் காத்திராதீர்கள். கும்பிடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்கும் போங்கள். நம்பியவரை அவர் நடுவெள்ளத்தில் விடமாட்டார்.

ஆனால் ஒன்று. பிள்ளையாரே மிசின் ஓட்டினார் என்று கோயிலடியில் கதைக்கிறார்கள். எஞ்சினைக் காத்தவர் அவர். ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.