பெரியம்மா கண்ட காலிப் பானை

எங்கள் ஊரில் சிலர் வீட்டில் கறவை மாடு இருந்தது, சிலர் வீட்டில் கிணறு இருந்தது. எங்கள் வகையறாவில் வெளியே சொல்லிக்கொள்ள இருந்தது பெரியம்மாவின் வரம் ஒன்றுதான். அவள் என் அம்மாவுடன் கூடப்பிறந்த அக்காள். யாருக்கும் தெரியாததைக் கர்த்தர் அவளுக்குக் காட்டுவார், அவள் சபையில் எழுந்து சொல்லுவாள். அதைத் தீர்க்கதரிசன வரம் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் தங்கள் மாமாவின் சைக்கிளைப் பற்றிப் பேசும்போது நான் இந்த வரத்தைப் பற்றிப் பேசுவேன். சைக்கிளுக்கு இருந்த மரியாதை அதற்குக் கிடைக்காது. இருந்தாலும் நான் விடமாட்டேன்.

கச்சிராயபாளையம் ரோட்டை விட்டு உள்ளே போனால் எங்கள் தெரு. எல்லாரும் கூலிக்காரக் குடும்பங்கள். அதில் சில வீட்டார் மட்டும் கிறிஸ்தவர்கள். தெருக்கோடியில் கூரை போட்ட ஜெபவீடு. அதை ஒட்டிய சின்னச் சாய்ப்பில் சபை ஊழியக்காரர் இருந்தார். ஐயா என்று கூப்பிடுவோம். அவருக்குச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது, பிடியரிசிதான். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை இருக்கும். உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்து, "ஸ்தோத்திரம்" என்று சொல்லி அதில் போடவேண்டும். சனிக்கிழமை சாயந்திரம் அம்மா சாக்கை எடுத்துக்கொண்டு வீடுவீடாய்ப் போய் வாங்கி வருவாள். சாக்கின் வாயை விரித்துப் பிடிப்பது என் வேலை. புழுங்கலும் பச்சையும் ரேஷன் அரிசியும் நொய்யுமாகச் சேரும். அதனால் ஐயா வீட்டுச் சோறு பாதி குழைந்தும் பாதி வேகாமலும் இருக்கும். அவர் அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் சாப்பிடுவார்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் மழை பொய்த்தது. கோமுகி அணை வற்றி, கரும்பு வெட்டும் வேலையும் நின்றுபோனது. எங்கள் சபையில் மலைக்கார அக்கா என்று ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் வேண்டாம், அவள் பிள்ளைகள் இன்று நன்றாக இருக்கிறார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் பிறந்தவள். எங்கள் தெருப் பையனைக் கட்டிக்கொண்டு கீழே வந்து, ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டதால் அண்ணன்மார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். புருஷன் மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனவன், போனவன்தான். சின்னப் பிள்ளைகள் இரண்டை வைத்துக்கொண்டு அவள் யாரிடமும் ஒரு ஆழாக்கு அரிசி கடன் கேட்டதில்லை.

மற்ற வீடுகளில் பிடியரிசிப் பானையைக் கொட்டாங்குச்சியால் மூடிவைப்பார்கள். அவள் மட்டும் துணியால் வாய் கட்டி வைப்பாள், எறும்புக்குப் பயந்து. ஒரு சனிக்கிழமை அவள் வழக்கம்போல் பானையைக் கொண்டுவந்து, துணியை அவிழ்த்து, சாக்குக்குள் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. நான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பிறகு அரிசி விழுந்ததுபோலவே "ஸ்தோத்திரம்மா" என்றாள். "ஸ்தோத்திரம்க்கா" என்று அவளும் சொல்லிப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த வாரம் கிள்ளுகிற அவசியம் அம்மாவுக்கு ஏற்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெரியம்மா எழுந்தாள். வீட்டில் "இன்னாடி, இன்னாத்துக்கு" என்று பேசுகிறவள், ஆவி இறங்கினால் வேதப்புத்தகத் தமிழில்தான் பேசுவாள். கண்ணை மூடிக்கொண்டு, குரல் நடுங்க, "ஒரு பானையைக் காண்கிறேன். அது வெறுமையாயிருக்கிறது. அதின் வாயில் துணி கட்டப்பட்டிருக்கிறது" என்றாள்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா அவளிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மலைக்கார அக்கா பாயின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டு குனிந்தே இருந்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியம்மா ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, கர்த்தரே பேசுவதுபோலக் கணீரென்று தொடர்ந்தாள். "எனக்குரியதை எனக்குக் கொடாமல் வஞ்சித்த வீடு ஒன்று உங்கள் நடுவிலே உண்டு."

சபை மூப்பருக்கு இது போதும். அவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒழுங்கு பண்ணாமல் விடமாட்டார். வருகிற ஞாயிறு எல்லா வீட்டுப் பானையும் ஜெபவீட்டுக்கு வரவேண்டும், எல்லார் முன்னாலும் திறந்து பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் சனிக்கிழமை பாதி அரிசியை மட்டும் அம்மா வாங்கவேண்டும், பாதி பானையிலேயே இருக்கட்டும் என்றும் ஏற்பாடு. ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தன் சோற்று விஷயம் என்பதால் கூச்சப்பட்டாரோ என்னவோ, பேசாமல் இருந்துவிட்டார்.

அன்று சாயந்திரம் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனாள். பெரியப்பா வாசலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். அவர் கிறிஸ்துமஸுக்கு மட்டும் சபைக்கு வருகிறவர்.

"வா, வா. உங்க அக்கா இன்னிக்கி யாரையோ புடிச்சிட்டாளாமே? ஊரே பேசிக்கினு இருக்குது" என்றார்.

அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் உள்ளே போனாள். "அக்கா, நீ பார்த்தது நெசம். அந்தப் பானையை நானும் பார்த்தேன்."

பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "பின்ன? நான் இன்னா பொய்யா சொல்லுவேன்? யாரு வூடு?"

"சொல்லமாட்டேன்."

"ஏன்டி?"

"பானையைக் காட்டுன கர்த்தரு உனக்கு வூட்டைக் காட்டலயா?"

"காட்டல."

"வஞ்சிச்சாங்கன்னு சொன்னாரா?"

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பானையைப் பத்திச் சொல்றப்ப உன் கொரலு நடுங்குச்சிக்கா. அப்புறம் நடுங்கவே இல்ல" என்றாள் அம்மா.

அம்மா அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் அதுவரை கேட்டதில்லை. பெரியம்மா எழுந்து நின்றாள். "ஆவியானவரு பேசுனதுல குத்தம் கண்டுபுடிக்கிறியாடி நீ? அரிசிச் சாக்கு தூக்கறவளுக்கு வரத்தைப் பத்தி இன்னா தெரியும்? போ வூட்டுக்கு!"

வெளியே வரும்போது பெரியப்பா என் கையில் ஒரு பிடி மல்லாட்டை வைத்தார். அம்மா அதைக்கூடத் திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

வாரத்தின் நடுவில் மலைக்கார அக்கா குழாயடியில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, ஞாயித்துக்கெழம காலைல மொத பஸ்ஸுல நான் மலைக்குப் போறேன். புள்ளைங்களையும் இட்டுக்கினு. இனிமே வரமாட்டேன்."

"உங்கண்ணனுங்க சேத்துப்பாங்களா?"

"வாசல்ல நிக்க வச்சி நாலு வார்த்தை கேப்பாங்க. கேட்டுட்டு சாமைக் கஞ்சி ஊத்துவாங்க. இங்க சபைக்கு முன்னால அந்தப் பானையைத் தொறக்கறதுக்கு அது மேலுக்கா."

அம்மா குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எங்கள் வீட்டிலும் அந்த வாரம் மரவள்ளிக்கிழங்குதான் பெரும்பாலும். கொடுப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை பெரியப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார். "உங்க அக்கா சாப்புடறதும் இல்ல, தூங்கறதும் இல்ல. முட்டி போட்டுக்கினே கெடக்கறா. என்கிட்ட சண்டைகூட போடல. அதான் எனக்குப் பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை நாங்கள் சாக்கோடு கிளம்பினபோது பெரியம்மா வழியில் நின்றிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"நானும் வரேன்."

"நீ இன்னாத்துக்குக்கா?"

"ஏன், வரக்கூடாதா? சபைச் சாக்குதானே, உன் சீதனமா?"

அந்த வீடு எது என்று கண்டுபிடிக்கத்தான் வருகிறாள் என்று அம்மா பயந்தாள். ஒவ்வொரு வீடாகப் போனோம். பெரியம்மா ஒவ்வொரு பானையையும் எட்டிப் பார்த்தாள். மலைக்கார அக்கா வீட்டுக்கு வந்தோம். பெரியம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. ஆனாலும் உள்ளே போய்த் துணி கட்டிய பானையைக் கொண்டுவந்தாள். அவிழ்த்தாள், கவிழ்த்தாள். சாக்குக்குள் ஒரு மணிகூட விழவில்லை. நான் பெரியம்மாவைப் பார்த்தேன். இப்போது கண்ணை மூடுவாள், தெருவெல்லாம் கேட்கிறமாதிரி வேதத்தமிழில் ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன்.

பெரியம்மா அந்தப் பானையைக் கையில் வாங்கினாள். தடவிப் பார்த்தாள். "இதான். இதே பானைதான்" என்றாள், அம்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில். "போய் ரொப்புன்னு கர்த்தரு காட்டியிருக்காருடி. நான் நாக்கை நீட்டிட்டேன்."

அம்மா என்னை வெளியே பிள்ளைகளோடு விளையாடப் போகச் சொன்னாள். விளையாடுகிற சாக்கில் நான் சுவரோரமாகவே நின்றேன்.

"எனக்கு யாரும் பிச்சை போட வாணாம்ங்க. நான் நாளைக்குப் போயிடறேன்" என்றது மலைக்கார அக்கா குரல்.

"பிச்சை யாருடி போடறது? காட்டுனதை நான் செய்யலன்னா எனக்கு இன்னா கதின்னு நெனச்சியா? நீ வாங்கிக்கினாத்தான் நான் பொழைப்பேன். என்னைப் பொழைக்க வைடி." இது பெரியம்மா. அந்தக் குரலில் அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. அப்புறம் யாரோ அழுகிற சத்தம். யார் என்று தெரியவில்லை, இரண்டு பேராகக்கூட இருக்கலாம்.

பொழுது சாய்கிற நேரத்தில் பெரியப்பா தலையில் தவிட்டுக் கூடையோடு அந்த வீட்டுப் பக்கம் போனார். "கர்த்தரு உனக்குக் காட்டுனா நீ தூக்கு. என்னை ஏன் தூக்கச் சொல்ற?" என்று அவர் முனகிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. அந்த வீட்டில் ஆடும் இல்லை, மாடும் இல்லை. தவிடு எதற்கு என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறந்துவிட்டேன். தெருக்காரர் கண்ணில் படாமல் இருக்க மேலே தவிட்டைப் போட்டு, அடியில் தன் வீட்டு அரிசி முழுவதையும் பெரியம்மா அனுப்பினாள் என்பதை எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கார அக்கா பஸ் ஏறவில்லை. பிள்ளைகளுக்குத் தலை வாரி, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெபவீட்டுக்கு வந்தாள். பானைகளை வரிசையாக வைத்தார்கள். மூப்பர் ஒவ்வொன்றாகத் திறந்தார். சிலதில் நிறைய இருந்தது, சிலதில் அடியில் கொஞ்சம் இருந்தது. துணி கட்டிய பானையைத் தொட்டபோது சபையே எட்டிப் பார்த்தது. வாய் வரைக்கும் அரிசி. எல்லாருக்கும் ஏமாற்றமாய்ப் போனது என்றே சொல்லவேண்டும்.

கடைசியில் பெரியம்மாவின் பானை. "உன்னுது இன்னாத்துக்கும்மா, நீ குந்து" என்றார் மூப்பர்.

"தொறங்க."

திறந்தார். காலி. அவர் பானையைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

பெரியம்மா எழுந்தாள். கண்ணை மூடவில்லை, உடம்பு குலுங்கவில்லை. கிணற்றடியில் பேசுகிறமாதிரியே பேசினாள். "காலிப் பானை இந்தா இருக்குது, பாத்துக்குங்க. வூட்ல அரிசி இல்ல, போடல. இந்தச் சபையில கர்த்தரை யாரும் வஞ்சிக்கல. அவரு எனக்குப் பானையைத்தான் காட்டினாரு. வஞ்சிச்சாங்கன்னு சொன்னது என் நாக்கு. என்னை மன்னிச்சிக்குங்க."

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "நல்லா கண்டுபுடிச்சாம்மா தீர்க்கதரிசி, தன் வூட்டுப் பானையையே!" என்று ஒரு குரல். மலைக்கார அக்கா எழப்போனாள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஐயா எழுந்து ஜெபித்தார்.

அன்று மத்தியானமும் அதற்குப் பிறகு பல நாளும் பெரியம்மாவும் பெரியப்பாவும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். கிழங்கை ஆளுக்கொரு துண்டு குறைத்துக்கொண்டோம். வீட்டில் அரிசி இல்லை என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை, வரம் போன துக்கத்தில் உலை வைக்கவும் மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன். வரம் போய்விட்டது என்றுதான் ஊரும் சொன்னது. அதன்பிறகு அவள் சபையில் எழுந்து நின்று பேசியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனது. அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது.

இப்போது எங்கள் சபையில் பிள்ளைகள், எனக்கு என்ன வரம், உனக்கு என்ன வரம் என்று ஆசையாய்க் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்கட்டும், நல்லதுதான். வரத்தைப் பற்றி விளக்கிச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. எனக்குத் தெரிந்தது அந்த வருடத்துச் சனிக்கிழமைகள்தான்.

பெரியம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களோடு வந்தாள். சாக்கின் ஒரு பக்கத்தை அவளே பிடித்துக்கொள்வாள். சில வீட்டு வாசலில் வந்ததும் சட்டென்று நின்றுவிடுவாள். கொஞ்ச நேரம் கதவையே பார்ப்பாள். பிறகு அம்மா கையைப் பிடித்து, "இந்த வூட்ல இன்னிக்கி வாங்க வாணாம், வா" என்று மெதுவாகச் சொல்லுவாள். அம்மா ஏன் என்று கேட்டதில்லை.

பெரியம்மாவுக்குக் கால் வலி, நடக்க முடியவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒரு வீடு குறைந்ததே என்ற சந்தோஷத்தில் அவர்களுக்கு முன்னால் ஓடுவேன்.