பழைய கள்ளுக்கடையில் பாதிச் சிரட்டை

மார்ச் மாதம், காலை ஒன்பது மணி. குழித்துறையில் பேருந்தை விட்டு இறங்கி, பாலத்தருகே நின்ற ஆட்டோக்காரரிடம், “இங்க பழைய கள்ளுக்கடைக் கட்டடம் ஒண்ணு இருக்காமே?” என்று கேட்டேன்.

“எங்க அப்பனுக்க கடைதான்,” என்றார். பெயர் ஸ்டீபன், ஐம்பது வயதிருக்கும். ஆறு கிலோமீட்டர், போக வர, காத்திருப்பும் சேர்த்து முந்நூறு ரூபாய்.

திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் அவருடைய தாத்தா தொடங்கிய கடை. இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, கள்ளுக்குத் தடை வந்ததும் பூட்டிவிட்டார்கள். இப்போது கள் வேண்டுமென்றால் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போக வேண்டும். கட்டடத்தில் அண்ணன் தாசையன் குடியிருக்கிறார்.

“அவருகூட எனக்குப் பேச்சில்ல சார். ஒரு நடைபாதையால வந்த வழக்கு. ஞாயித்துக்கிழமை மொவன்கூட பெங்களூருக்குப் போறாரு. இனி வருவாரா தெரியாது. அதுக்குள்ள ஒருக்கா பேசணும்.”

“அப்ப என்கூட உள்ள வாங்க.”

“நான் எப்படி? நீங்க போங்க. நான் வெளிய நிக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும்.”

நல்ல ஆளைப் பிடித்தார். மதுரைக்காரன் நான், என் வாய் சும்மா இருக்காது.

ஓடு வேய்ந்த ஒரே நீள அறை. குடித்தவர்கள் தலை சாய்த்த எண்ணெய்க் கறை சுவரில் இன்னும் இருக்கிறது. அதைக் காட்டிவிட்டுத் தாசையன் சொன்னார்: “சண்டைக்காரங்க ரெண்டுபேரும் இங்கதான் உக்காருவாங்க. ஒரே தேங்காச் சிரட்டை. மூத்தவன் பாதி குடிச்சு மத்தவன் கையில குடுப்பான். அவன் குடிச்சா வழக்கு தீந்துது. யாருக்க மேல தப்புன்னு பொறவு கேக்கப்பிடாது.”

“தம்பி வெளியதான் நிக்கிறார்.”

“அவனுக்க ஆட்டோ சத்தம் எனக்குத் தெரியாதா?”

எழுந்து போய்க் கலயத்திலிருந்து ஒரு சிரட்டை அக்கானி மொண்டார். கள் இல்லாத ஊரில் இனிப்புப் பதநீராவது இருக்கிறதே என்று நினைத்தேன். பாதியைக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். “கொண்டு குடுங்க.”

ஸ்டீபனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையை நீட்டியவர் மடக்கிக்கொண்டார். “அவரு கையிலருந்துதான் வாங்கணும் சார். ஆளு வழியா வாங்கினா கணக்கில்ல. அவரு வாசலுக்கு வரட்டு.”

உள்ளே போய்ச் சொன்னேன். “கடைக்க உள்ள வச்சுக் குடுக்கதுதான் முறை. இளையவன் வரட்டு,” என்றார் அண்ணன்.

சிரட்டையோடு இப்படியே நாலு நடை நடந்தேன். எரிச்சல் வந்தது. “எடுக்கிறவங்க எடுங்க,” என்று வாசற்படியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால், அண்ணன் படிக்கு உள்ளே. தம்பி படிக்குக் கீழே. நடுவில் சிரட்டை காலி.

அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: “எறும்பு மொய்ச்சுது. நானே குடிச்சுட்டேன்னு அவன்கிட்ட சொல்லுங்க.”

கை நீட்டினால் தொடும் தூரம்தான். சொன்னேன்.

தம்பியும் என்னைப் பார்த்தார். “பெங்களூருல குளிரு கூடுதலாம். கம்பிளி எடுத்துக்கிடச் சொல்லுங்க.”

அதையும் சொன்னேன்.

பதினொன்றரைக்குக் குழித்துறையில் நாகர்கோவில் பேருந்து ஏறினேன். சன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு பேச்சையும் வாங்கி நீட்டாமல், மதுரை வாயை ஒரு நிமிடம் மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். வேறு ஆளில்லாமல் அவர்களே பேசியிருப்பார்கள்.