கண்ணமங்கலத்தில் இறக்கிய தேக்சா

உதவி செய்ய வந்திருக்கிறோம் என்று யாராவது வாசலில் வந்து நின்றால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. நன்றி அப்புறம் வந்தாலும் வரலாம்.

அக்கா மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று வேலூரில் சொன்ன பிறகு ஆரணியில் எங்கள் தெரு செய்த உதவிகளை மனதுக்குள் வரிசையாக வைத்திருக்கிறேன். முதலாவது, ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் காதில் விழும்படி "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்றது. இரண்டாவது, யாரும் நெருங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த வாரத்தில் ஆப்பிள் பையோடு கூட்டமாக வந்தது, வாசலில் நிறுத்தியதற்குக் கோபித்துக்கொண்டது. மூன்றாவது, முடி கொட்டிப்போன பிள்ளையிடம் விஷயம் தெரிந்தே "எந்தக் கோயில்ல மொட்டை போட்ட?" என்று கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி கோயில்ல" என்று நான் சொன்னேன். அதிலிருந்து நான் வாய்த்துடுக்குக்காரி என்றாகிவிட்டது.

நாலாவதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் வேலை புடவைக்கு டிசைன் போடுவது. கரையும் முந்தானையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, ஜக்கார்டு தறிக்குப் போகும்படி தயார் செய்வேன். ஒரு கட்டம் தப்பினால் அந்தத் தப்பு புடவை முழுக்க ஓடும். அதனால் எதையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக் கொடுப்பது எனக்குப் பழக்கம். தெருவுக்கு அது அகம்பாவம்.

அந்த மழைக்காலத்தில் குழந்தைக்கு ஒரு சுற்று மருந்து முடிந்திருந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அவள் உடம்பில் அநேகமாக இல்லை. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, பஞ்சு வைத்தும் நிற்கவில்லை. அவளுடைய பிரிவுத் தட்டணு கைவசம் இல்லை, கொடையாளர்களைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே வாருங்கள் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அக்காவும் மாமாவும் அங்கே குழந்தையோடு இருந்தார்கள். ஊரில் ஆள் தேடுவது என் பொறுப்பு.

தெரு வாட்ஸ்அப் குழுவில் பி பாசிட்டிவ் வேண்டும் என்று போட்டு, கீழே எழுதினேன். ஒன்று, இன்று ராத்திரி எண்ணெய்ப் பண்டமும் கறியும் வேண்டாம். இரண்டு, காலையில் இட்லி போல ஏதாவது லேசாகச் சாப்பிடலாம். மூன்று, இந்த மூன்று நாளில் வலி மாத்திரை போட்டவர்கள் வர வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் நற்பணி மன்றத் தலைவர் நேரிலேயே வந்துவிட்டார். பட்டு வியாபாரி. தெருவில் கல்யாணம், சாவு, திருவிழா எதுவானாலும் அவர் படம் போட்ட பேனர் நிற்கும்.

"கவலையே படாத பாப்பா. பன்னெண்டு பேர் பேசிட்டேன். வேன் சொல்லிட்டேன். ஜல்தியா காலைல கெளம்பிடுவாங்க."

"அண்ணே, சாப்பாட்டு விஷயம் மட்டும்..."

"சாப்பாடு நம்ம பொறுப்பு. நீ அதப் பத்திப் பேசாத."

"அதில்லைங்கண்ணே, கொழுப்பு இருந்தா எடுக்க மாட்டாங்க. குரூப்ல எழுதியிருக்கேன்."

"பாத்தேன் பாத்தேன்" என்றார். அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். கூடவே வந்திருந்த ஒருவர், "படிச்ச பொண்ணுங்க வெறும் தண்ணில ஒடம்ப வளக்கும். தறி மிதிக்கறவனுக்கு அது ஆவுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் விடியற்காலை பஸ்ஸிலேயே வேலூருக்குப் போய்விட்டேன். ரத்த வங்கியில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வேன் வர வேண்டிய நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாடியிலிருந்து அக்கா போன் செய்து, பஞ்சை மறுபடி மாற்றிவிட்டார்கள் என்றாள்.

பன்னிரண்டு பேரும் ஒரே நிற டீ-ஷர்ட்டில் வந்து இறங்கினார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு பளபளப்பு. ரத்த வங்கிப் படியில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு உள்ளே போய் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள்.

டெக்னீஷியன் முதல் சில குழாய்களைச் சுழலவிட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே தெளிந்து மஞ்சளாக நிற்க வேண்டியது மோர் மாதிரி வெள்ளையாக நின்றது.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

ஒரு பையன் சொன்னான்: "பிரியாணி சார்."

வரும் வழியில் கண்ணமங்கலத்தில் வேனை நிறுத்தியிருக்கிறார்கள். தலைவர் விடிவதற்கு முன்பே மாஸ்டரை வைத்துச் சமைத்து, அண்டா மாதிரிப் பெரிய தேக்சாவோடு வேனில் ஏற்றியிருக்கிறார். புளியமரத்தடியில் அதை இறக்கி, இலை போட்டு, எலும்பும் கொழுப்புமாகப் பார்த்துப் பார்த்துப் பரிமாறியிருக்கிறார். ரத்தம் கொடுக்கப் போகிறவன் வெறும் வயிற்றோடு போகலாமா என்பது அவர் நியாயம். ஆரணியில் ஒரு மனிதனைக் கௌரவிக்க அவருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

சாப்பிடாதவன் ஒருவன் இருந்தான். வயிறு சரியில்லை என்று ஒதுங்கியவன். எனக்கு உயிர் வந்தது. அவனைக் கேட்டார்கள். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலி, தினம் ராத்திரி ஒரு மாத்திரை போடாமல் தூக்கமில்லை என்றான். வலி மாத்திரை. அவனும் போனான்.

"நாளைக்கு வாங்க" என்றார் டெக்னீஷியன். அவர் மேல் தப்பில்லை. அந்த நிமிடம் பன்னிரண்டு பேரையும் அந்தத் தேக்சாவுக்குள் போட்டு மூட வேண்டும் போலிருந்தது. அதை இப்போது கொஞ்சம்கூட மாற்றிச் சொல்ல விரும்பவில்லை.

அப்போது நடையின் கோடியிலிருந்து ஒரு குரல்: "இன்னாம்மா, எங்க கையெழுத்துப் போடணும்?"

பக்கத்து வீட்டு நயினார். எங்கள் பக்கத்தில் ஜைனர்களை அப்படித்தான் சொல்வோம். களம்பூர் மில்லுக்கு நெல் பிடித்துக் கொடுக்கிறவர். மாமாவின் விசைத்தறிக் கொட்டகைக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். சத்தம் தாங்கவில்லை, சுவர் வெடிக்கிறது என்று நகராட்சியில் எழுதிப் போட்டு எங்களைப் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தவர். தெருக் குழுவில் அவர் இருந்ததே தறிச் சத்தத்தைப் பதிவு செய்து போடுவதற்குத்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம்.

"நீங்க... வேன்ல வந்தீங்களா?"

"அந்தக் கும்பலோட நான் இன்னாத்துக்கு வரேன்? பஸ்ல வந்தேன். பி பாசிட்டிவ்தான். பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடறதில்ல. காலைல வெளிச்சம் வந்தப்புறம் ரெண்டு இட்லி. கறியே தொட்டதில்ல. மாத்திரை கீத்திரை ஒண்ணும் கெடையாது. நீ எழுதனதுல வேற எதுனா இருக்குதா?"

"இல்லைங்க."

"ஒண்ணு சொல்லிடறேன். ஒங்க மாமன் மேல இருக்கற கோவம் அப்படியேதான் இருக்குது. இதுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாதீங்க."

அவர் குழாயில் மேலே நின்றது தெளிந்த மஞ்சள். பரிசோதனைகள் முடிந்ததும் இயந்திரத்தோடு சேர்த்துப் படுக்க வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டே, "படுத்தாக்கூட அந்தத் தறி ஓடறாப்பல இருக்குது" என்றார். சாயங்காலம் அந்த மஞ்சள் பை குழந்தையின் கட்டிலுக்கு மேல் தொங்கியது. ராத்திரி மாற்றிய பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அக்கா அதை எடுத்து என்னிடம் காட்டினாள்.

ஊருக்குத் திரும்பியபோது தெருமுனையில் பேனர் நின்றது. பன்னிரண்டு டீ-ஷர்ட்டுகள், மேலே தலைவர், நடுவில் முடியில்லாத எங்கள் குழந்தை. 'பிஞ்சு உயிர் காத்த மன்றம்.' அவளுடைய அந்தப் போட்டோவை யார் கொடுத்தது என்று இன்று வரை தெரியாது. நான் வீட்டுக்குப் போய் நூல் வெட்டும் கத்தரியை எடுத்துவந்தேன். பட்டப்பகலில், டீக்கடை பார்த்துக்கொண்டிருக்க, அவள் முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்துச் சுருட்டிக்கொண்டேன்.

தலைவர் வந்துவிட்டார். "இன்னா பாப்பா இது? செஞ்சவனுக்கு இதான் மரியாதையா?"

"இன்னா செஞ்சீங்கண்ணே? பன்னெண்டு பேரு பிரியாணி தின்னீங்க. புள்ள ரத்தம் கக்கினு கெடந்தது."

அவர் முகம் சிவந்தது. "எவனுக்கு ஆசை? என் வேலையெல்லாம் போட்டுட்டு நான் அடுப்பாண்ட நின்னேன். நீ லிஸ்ட் எழுதுவ. எவன் படிப்பான்? எங்களுக்கெல்லாம் ஆள் வந்து நின்னு சொல்லணும்மா. நீ முன்னாடியே பஸ் ஏறிப் போயிட்ட."

"சொல்ல வந்தேன். நீங்கதான் பேச உடல."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். நடுவில் ஓட்டையோடு பேனர் சில நாள் ஆடிக்கொண்டிருந்தது.

அதே வாரம் நயினார் தெருக் குழுவில் தறிச் சத்தத்தை மறுபடி போட்டார். மாமா தறிக்கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தார். சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது: "இன்னும் கேக்குது."

குழந்தை இப்போது மாத்திரையில் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், முடி சுருட்டையாக முளைத்திருக்கிறது.

போன மாதம் களம்பூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் ஒருவர் யாரிடமோ என் நம்பர் வாங்கிப் பேசினார். அவருடைய மகனுக்கும் அதே நோய், அதே ஆஸ்பத்திரி, அதே தேவை. பி பாசிட்டிவ் இல்லை, ஓ. பேசி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே ராத்திரியில் அத்தனை ஆளைச் சேர்க்க இந்த ஊரில் யாரால் முடியும் என்று யோசித்தேன். பிடிக்கவே பிடிக்காத பதில்தான் வந்தது. தலைவருக்குப் போன் செய்தேன்.

"வேன் வேணும். ஆள் வேணும். பேனர் வேணாம்."

"சரி" என்றார். பிறகு, "திட்டாம கேக்கத் தெரியாதா ஒனக்கு?" என்றார்.

"தெரியாதுங்கண்ணே."

இந்த முறை முதல் நாளே மன்றத்துக்குப் போய் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக நின்று சொன்னேன். வலி மாத்திரைக்காரர்களை அப்போதே கழித்தேன். காலையில் வேன் படியில் நின்றுகொண்டேன். ஏறுகிறவர்கள் வலது கையை நீட்ட வேண்டும், நான் மோந்து பார்ப்பேன். சோப்பு, சோப்பு, பீடி, இட்லிப்பொடி. ஒருவன் விரலில் நெய்யும் கறிமசாலாவும் வந்தது.

"நேத்து ராத்திரி அத்த ஊட்ல... கொஞ்சந்தான் அக்கா" என்றான்.

"எறங்கு."

"மானத்த வாங்காதக்கா."

"எறங்குடா."

இறங்கினான். கடைசியாகத் தலைவர் வந்தார். கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். "நான் குடுக்கப் போறதில்லம்மா. எனக்கு சர்க்கரை. தொணைக்குத்தான் வரேன்."

"அப்ப முன்சீட்ல உக்காருங்க. நடுவுல எங்கயும் நிறுத்தச் சொல்லாதீங்க."

உட்கார்ந்தார். வேன் ஆரணியைத் தாண்டியது. கண்ணமங்கலத்துப் புளியமரங்கள் வந்தபோது போன முறை வந்த அதே டிரைவர் அந்த ஞாபகத்தில் வேகத்தைக் குறைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர், "ஓட்டுய்யா" என்றார்.