ஓய்ந்த பேட்டரிப் பாட்டு

பழைய பாட்டு ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒருவர் வாக்மேன் படமும் ஒரு பாட்டும் போட்டார். கேட்டுவிட்டு, "அண்ணே, பாடுறவருக்குக் கடைசி பஸ்ஸு போயிருமா? ஏன் இந்த ஓட்டம்?" என்று எழுதினேன்.

"தம்பி, ஒரிஜினலே இந்த வேகந்தான்" என்றார்.

அரிமளத்தில் எங்கள் வீட்டு வாக்மேனில் அது ஆடி அசைந்துதான் வரும். தன் ரேடியோவில் ஓய்ந்துபோன பேட்டரிகளைத்தான் அப்பா எங்களுக்குத் தருவார். அக்கா அவற்றை ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் வாக்மேனில் போடுவாள். ஆளுக்கொரு காதில் ஒயரை மாட்டிக்கொள்வோம். பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இழுப்பார்.

"அக்கா, இவரு இன்னும் சாப்பிடலையா?"

"பேசாம கேளுடா. அங்கிட்டுத் திரும்புனா ஒயரு புடுங்கிக்கும்."

அந்த வேகம்தான் பாட்டு என்று இத்தனை வருஷமாக நம்பியிருக்கிறேன். அக்கா இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். போன் போட்டால், "வேலையா இருக்கேன்டா, அப்பறமாப் பேசுறேன்" என்பாள்.

இந்தப் பேட்டரிக் கதையைக் குழுவில் எழுதினேன். குழுவே சிரித்து முடித்த பிறகு, அந்த அண்ணனே வேகத்தைக் குறைக்கும் வழியையும் சொன்னார். குறைத்தேன். பாடகர் பழையபடி இழுத்தார்.

"இன்னும் சாப்பிடலையாண்ணே?" என்றேன் பாடகரிடம், அறையில் யாருமில்லாமல்.

அப்போதுதான் கவனித்தேன். இயர்போனை ஒரு காதில் மட்டும்தான் மாட்டியிருந்தேன். இன்னொன்று பாயில், எனக்குப் பக்கத்தில், பாடிக்கொண்டே கிடந்தது.